உறுதிப்பூசுதலோடு முடிந்துவிட்டதா உங்கள் படிப்பு?

உங்கள் மறைக்கல்வி எந்த வயதில் நின்றது?

யோசிக்க வேண்டாம், நானே சொல்கிறேன். உறுதிப்பூசுதல் அன்று நின்றது. ஆயர் நெற்றியில் எண்ணெய் பூசினார். வீட்டில் பிரியாணி போட்டார்கள். அடுத்த ஞாயிறு நீங்கள் வகுப்புக்குப் போகவில்லை.

பிறகு ஒரே ஒரு தடவை உட்கார்ந்தீர்கள். திருமணத் தயாரிப்பு வகுப்பு. அதுவும் எதற்கு? சான்றிதழ் இல்லாமல் ஓலை வாசிக்க மாட்டார்களே, அதற்கு!

அண்ணாச்சி, பதினான்கு வயதில் தெரிந்த விவசாயத்தை வைத்தா இன்று வயல் பார்க்கிறீர்கள்? விதை மாறியது. மருந்து மாறியது. அறுவடைக்கு இயந்திரம் வந்தது. ஒவ்வொன்றையும் கேட்டுக் கேட்டுக் கற்றீர்கள். போனில் பணம் அனுப்புவதை ஐம்பது வயதில் பழகினீர்கள்!

சாமி காரியம் என்றால் மட்டும் "இனிமே என்னத்தப் படிக்க?"

மகள் கேட்கிறாள்: "நல்லவங்களுக்கு ஏம்ப்பா இவ்வளவு கஷ்டம் வருது?" உங்கள் பதில் என்ன? "போய் ஃபாதர்கிட்ட கேளு." பதில் தெரியாததில் வெட்கம் இல்லை. அந்தக் கேள்வி உங்களுக்குள்ளேயும் இருக்கிறதே, அதை ஒருநாளாவது வெளியே எடுத்தீர்களா?

இதே கேள்வியோடு ஒருவர் நம் மண்ணுக்கு நடந்து வந்தார்.

நட்டாலம் ஊர். பெயர் நீலகண்டன். பத்மநாபபுரத்தில் மார்த்தாண்ட வர்மா அரசில் அலுவல். வீட்டில் அடிமேல் அடி. மனம் உடைந்து நின்றவரிடம் டச்சுப் படைக்காரர் டி லனாய் யோபுவின் கதையைச் சொன்னார். 1741 குளச்சல் போரில் தோற்றுப் பிடிபட்டவர், பிறகு அதே அரசனின் படைத்தலைவர். தோல்வி என்றால் என்னவென்று தெரிந்த வாயிலிருந்து வந்த கதை அது!

நீலகண்டன் கதையைக் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடவில்லை. இன்னும் தெரியவேண்டும் என்றார்.

ஆரல்வாய்மொழிக் கணவாய் தாண்டி இந்தப் பக்கம் வடக்கன்குளம். அங்கே இயேசு சபைக் குரு புத்தாரி இருந்தார். அரண்மனைக்காரர் வந்திருக்கிறார் என்று உடனே தலையில் தண்ணீர் ஊற்றிவிட்டாரா? இல்லை! காத்திருக்கச் சொன்னார். படிக்கச் சொன்னார். மாதக்கணக்கில் படிப்பு.

1745-ல் ஞானஸ்நானம். தேவசகாயம் என்று பெயர். அப்போது வயது 33!

மனைவி, வேலை, அரசாங்கப் பதவி, ஊர்ப்பேச்சு எல்லாம் இருந்தன. நீங்கள் சொல்கிற ஒவ்வொரு சாக்கும் அவர் கையிலும் இருந்தது. ஒன்றையும் அவர் சொல்லவில்லை.

1752-ல் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதர் என்று அறிவித்தார். டிவியில் பார்த்தீர்கள். கை தட்டினீர்கள். ஸ்டேட்டஸ் வைத்தீர்கள். அவர் பொறுமையாய் உட்கார்ந்து படித்த அந்த மாதங்களை நினைத்தீர்களா? மூன்று வருடச் சித்திரவதையைத் தாங்கிய ஆள் அந்தப் படிப்பில்தான் தயாரானார் என்பது என் எண்ணம்.

"அவரு பெரிய ஆளு. நமக்கு வாய் வராது."

வாய் வராதா? வாய் வராத ஒருவர் இந்தக் கடற்கரையையே புரட்டிப் போட்டார், தெரியுமா?

1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்து இறங்கினார் பிரான்சிஸ் சவேரியார். வயது 36. பாரிஸ் பல்கலைக்கழகத்தில் படித்தவர், பாடமும் சொன்னவர். அத்தனை படிப்பும் இங்கே செல்லாக்காசு! ஒரு தமிழ்ச் சொல் தெரியாது. அவர் பேசியது மக்களுக்குப் புரியவில்லை, மக்கள் பேசியது அவருக்குப் புரியவில்லை. அதை அவரே கடிதத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

கப்பல் ஏறி ஓடினாரா?

இரண்டு மொழியும் தெரிந்தவர்களைக் கூட்டினார். பல நாள் உட்கார்ந்து விசுவாசப் பிரமாணம், பரலோக மந்திரம், மங்கள வார்த்தை, பத்துக் கட்டளை என்று எல்லாவற்றையும் தமிழில் ஆக்கினார். பச்சைப் பிள்ளைபோல மனப்பாடம் செய்தார். கையில் மணியை எடுத்தார். தெருத்தெருவாக அடித்துக்கொண்டு போய் ஆள் கூட்டினார்!

அந்த மொழிபெயர்ப்பில் பிழை இருந்தது. ஆமாம், பிழை! புனிதர் சொல்லிக்கொடுத்ததிலேயே பிழை! பின்னால் வந்த அண்ட்ரிக் அடிகளார் அதைத் திருத்தினார்.

தப்பாகிவிடுமோ என்று பயந்து சவேரியார் வாயை மூடிக்கொண்டிருந்தால்? திருத்துவதற்கு எதுவுமே இருந்திருக்காது.

உங்களுக்கு என்ன பயம்? அன்பியக் கூட்டத்தில் தப்பாகச் சொன்னால் நாலு பேர் சிரிப்பார்கள். அவ்வளவுதானே? சிரிக்கட்டுமே!

இன்னொன்றும் கேளுங்கள். கற்றதை வீட்டுக்குப் போய் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பக்கத்து வீட்டாருக்கும் சொல்லிக்கொடுங்கள் என்று பிள்ளைகளை அனுப்பினார் சவேரியார். கடலுக்குப் போய்வந்த அப்பன், தன் பிள்ளையின் முன்னால் உட்கார்ந்து கற்றான். அவனுக்குக் கௌரவம் குறையவில்லை. உங்களுக்கு மட்டும் குறைந்துவிடுமா?

எழுத்துத் தெரியாது என்கிறீர்களா? அந்தக் கரையில் எத்தனை பேருக்கு எழுத்துத் தெரியும்? காதால் கேட்டார்கள், வாயால் சொன்னார்கள், நெஞ்சில் வைத்தார்கள். எழுதத் தெரிந்த சிலர் பிரதி எடுத்து ஊரில் வைத்துக்கொண்டார்கள். இன்று விவிலியத்தைப் போன் வாசித்துக் காட்டுகிறது. முக்கூடலில், ஆலங்குளத்தில் பீடித் தட்டை மடியில் வைத்திருக்கும் அக்கா, ஆயிரம் சுற்றினால்தான் கூலி, எனக்குத் தெரியும். கைதானே ஓடுகிறது? காது சும்மாதானே இருக்கிறது!

தாமிரபரணி கடலில் சேரும் இடம் புன்னைக்காயல். அந்த ஊரை மையமாக வைத்து அண்ட்ரிக் அடிகளார் உழைத்தார். 1578-ல் கொல்லத்தில் அவருடைய 'தம்பிரான் வணக்கம்' அச்சேறியது. பதினாறே பக்கம். தமிழ் எழுத்தில் அச்சான முதல் புத்தகம் அதுதான், அதுவும் ஒரு மறைக்கல்விப் புத்தகம்! அச்சுச் செலவுக்குப் பணம் எங்கிருந்து வந்தது? முத்துக்குளித்துறைப் பரதவர் கொடுத்தார்கள். கடலில் மூச்சடக்கிச் சம்பாதித்த காசைப் படிப்பதற்காகக் கொடுத்தார்கள்!

நீங்கள் எதற்குக் கொடுக்கிறீர்கள்? சீரியல் செட்டுக்கு. வாணவேடிக்கைக்கு. சப்பரத்துக்குப் பூவுக்கு. கொடுங்கள், திருவிழா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அசனச் சோற்றுக்கு முதல் பந்தியில் உட்காரும் ஆள்தான் நானும். ஆனால் கொடியேற்றம் முதல் தேர் வரை பத்து நாள் ஒதுக்கும் ஊருக்கு, வருடத்தில் பத்து மாலை படிக்க நேரம் இல்லையா?

"அதெல்லாம் சாமியார் வேலை" என்பீர்கள். யார் சொன்னது? கரையில் கணக்கப்பிள்ளைமார் கோயிலைப் பார்த்துக்கொண்டார்கள். உள்நாட்டில் குரு வருவதே எப்போதோ ஒருமுறை. மற்ற நாளெல்லாம் ஊரைத் தாங்கியது குடும்பஸ்தரான உபதேசியார். காமநாயக்கன்பட்டியில் பணிசெய்த வீரமாமுனிவர் இந்த உபதேசியார்களுக்காகவே 'வேதியர் ஒழுக்கம்' எழுதினார்.

1979-ல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், பெரியவர்களுக்கான மறைக்கல்வியே மறைக்கல்வியின் முதன்மை வடிவம் என்று எழுதிவிட்டார். 2021 மே 10 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் வேதியர் பணியைப் பொதுநிலையினருக்கான திருப்பணியாகவே ஏற்படுத்தினார். ஆணுக்கும் உண்டு, பெண்ணுக்கும் உண்டு.

கதவு திறந்துதான் கிடக்கிறது. வாசலில் செருப்பைக் கழற்றாமல் நிற்பது யார்?

அன்பியக் கூட்டம் எப்படி நடக்கிறது என்று எனக்குத் தெரியாதா? பாட்டு, செபம், வாசகம். பிறகு "பகிர்வு" என்றதும் எல்லாரும் தரையைப் பார்க்கிறீர்கள். வழக்கமாகப் பேசும் ஒரே அக்கா பேசி முடிப்பார். டீ வரும். கலைவீர்கள்.

(பெரியவர்களுக்கு வகுப்பு என்று அழைத்துவிட்டு, ஒன்றரை மணி நேரம் மைக்கை விடாமல் தானே பேசும் புண்ணியவான்களுக்கும் இதில் பங்கு உண்டு. ஒரு கேள்விகூடக் கேட்க விடாத வகுப்புக்கு இரண்டாம் வாரம் யார் வருவார்? பிளாஸ்டிக் நாற்காலிதான் வரும்.)

வயதுவந்தவர் கையில் வெறும் நோட்டு இல்லை. கடன் இருக்கிறது, மாமியார் இருக்கிறார், குடித்துவிட்டு வரும் தம்பி இருக்கிறான், கல்லறைத் தோட்டத்தில் ஒரு பிள்ளை இருக்கிறது. இவற்றை வெளியே வைத்துவிட்டு எந்தப் படிப்பு? இவைதான் பாடம்! யோபுவைத் திறங்கள். அவர் கடவுளிடமே சண்டை போடுகிறார்! உங்களுக்கு மட்டும் ஏன் வாய்ப்பூட்டு?

முதல் வாரம் குழறுவீர்கள். இரண்டாம் வாரம் வாசகத்தில் ஊர்ப்பெயர் வாயில் நுழையாது. மூன்றாம் வாரம் "எனக்கு இதுல சந்தேகம் இருக்கு" என்பீர்கள். அன்றைக்குத்தான் படிப்பு தொடங்குகிறது!

சவேரியார் பெயரில் பாளையங்கோட்டையில் பேராலயம் இருக்கிறது. 1923-ல் தொடங்கிய கல்லூரி இருக்கிறது. தெருவுக்கு நாலு சேவியர் இருக்கிறார்கள். பெயரை எடுத்துக்கொண்டோம். மணியை யார் எடுப்பது?

வீட்டில் 'திருவிவிலியம்' இருக்கிறதா? 1995-ல் வந்த பொது மொழிபெயர்ப்பு. கல்யாணத்துக்குக் கொடுத்த பரிசு, அலமாரியில் பட்டுச்சேலைக்கு அடியில் கிடக்கும். எடுங்கள்! தூசியைத் தட்டுங்கள்!

வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும் பைக்கை ஸ்டார்ட் செய்யாதீர்கள். நேராக அறைவீட்டுக்குப் போங்கள். "சாமி, பெரியவங்களுக்கு வாரம் ஒரு நாள் வகுப்பு வைங்க. சாயங்காலம் ஏழு மணி. நான் வாறேன்."

"யாரு வருவா?" என்று அவர் சலித்துக்கொள்வார். பலமுறை காலி நாற்காலியைப் பார்த்தவர் அல்லவா?

நாலு பெயரைச் சொல்லுங்கள். அந்த நாலு பேர் வீட்டுக்கும் அன்றைக்கே போய்க் கூப்பிடுங்கள்!