சிப்பியின் ஓடும் செய்தவன் வினையும்

செட்டிநாட்டு வீடுகளில் கண்ணாடிபோல் மின்னும் சுவர்ப்பூச்சு, கடற்சிப்பிகளைச் சுட்டு நீற்றிய சுண்ணாம்போடு கடுக்காய்நீரும் முட்டை வெள்ளையும் சேர்த்து இழைத்தது. சூளையில் இழந்த கரியமில வாயுவை அச்சுண்ணாம்பு காற்றிலிருந்து மெல்ல மீட்டு, மறுபடி கல்லாக இறுகுகிறது. சுவரை உறுதியாக்கும் அதே வாயு கடலில் மிகுதியாகக் கரையும்போது சிப்பிக்குப் பகையாகிறது. மனிதர் வெளியிடும் கரியமில வாயுவில் ஏறத்தாழக் கால்பங்கைக் கடல் வாங்கிக்கொள்ள, அது நீரோடு சேர்ந்து அமிலமாகி, ஓடு கட்டத் தேவையான கார்பனேட்டைக் குறைத்துவிடுகிறது. இதுவே கடல் அமிலமயமாதல் எனப்படும். மணலளவே உள்ள இளஞ்சிப்பி தன் முதல் ஓட்டைக் கட்டும்போதே தடுமாறுகிறது. வளர்ந்த சிப்பியோ மணிக்குச் சில லிட்டர் நீரைச் செவுள்களால் வடித்து, கரையோரக் கலங்கலைத் தெளிவிக்கிறது.

அவ்வீடுகளைக் கட்டிய நகரத்தார் போற்றும் சைவ சித்தாந்தம், வினை சடம், அதாவது அறிவற்றது, ஆதலால் அதன் பயனைச் செய்தவனிடம் இறைவனே கூட்டுவிக்கிறான் என்கிறது. அவ்வாறாயின் ஊரார் எரித்த நிலக்கரியின் பயனைத் தொண்டிக் கடற்கரைச் சிப்பி நுகர நேர்வது எங்ஙனம்? அது சிப்பியின் பழவினை என்று கைகழுவுவது எளிது. ஆனால் அது சித்தாந்தமன்று, சோம்பல். சிப்பி எதை நுகர்ந்தாலும், எரித்தவன் கணக்கில் அச்செயல் ஆகாமியமாக, அதாவது இன்று ஈட்டி இனி நுகரவேண்டிய வினையாக, ஏறியே நிற்கும்.

அக்கணக்கு கடல்நீரிலும் பதிவாகியிருக்கிறது: தொழிற்புரட்சிக்கு முன் ஏறத்தாழ 8.2 ஆக இருந்த கடல் மேற்பரப்பின் பி.எச். அளவு (குறையக் குறைய அமிலம் மிகும்) இன்று 8.1. இவ்வளவுகோல் மடக்கை முறையிலானது ஆகையால், அச்சிறு இறக்கத்திற்குள் அமிலத்தன்மை கால்பங்குக்கு மேல் கூடியிருக்கிறது.