28 நாள் பணம்

லண்டனில் முதுகலை படிக்கப் போகிற பிள்ளையின் வங்கிக் கணக்கில் ஒருநாள் பிற்பகல் 16 லட்சம் ரூபாய் வந்து விழுகிறது. முந்தின நாள்வரை அதில் கிடந்தது சில ஆயிரம். விசா விதி கேட்கிறபடி வந்த பணம் 28 நாள் அசையாமல் இருக்கிறது. ஸ்டேட்மென்ட் எடுத்து, முத்திரை வாங்கி, விசா விண்ணப்பத்தோடு சேர்த்ததும் வந்த வழியே திரும்பிவிடுகிறது. அது ஃபைனான்ஸ்காரரின் பணம். வட்டியை முன்னாலேயே பிடித்துக்கொண்டுதான் கொடுத்தார். தொகை நிரப்பாமல் கையெழுத்து மட்டும் போட்ட காசோலையும் பாஸ்புக்கும் அந்த 28 நாளும் அவருடைய மேசை டிராயரில் இருந்தன. கன்சல்டன்சிகளில் இதற்கு ‘ஃபண்ட் காட்டுவது’ என்று பெயர். பொய் என்ற சொல்லை அங்கே யாரும் எடுப்பதில்லை.

இது தவறுதானா என்று கேட்டால், தவறில்லை என்பவர்களின் வாதம் லேசானதல்ல. அதை முழுதாகக் கேட்டுவிட வேண்டும்.

லண்டனில் படிக்க வருகிறவர் மாதம் 1,529 பவுண்டு வீதம் 9 மாதச் செலவுக்குப் பணம் காட்ட வேண்டும் என்பது 2025 நவம்பர் முதல் பிரிட்டனின் விதி. மொத்தம் 13,761 பவுண்டு. கட்டாமல் நிற்கும் கல்விக் கட்டணம் இதற்கு மேல். பணக்கார வீட்டுப் பிள்ளைக்கு இது ஒரு கையெழுத்து வேலை. சிறுநகரத்தில் மளிகைக்கடை வைத்திருப்பவரின் பிள்ளைக்கு, படிப்பு இருந்தும், ஆங்கிலத் தேர்வில் நல்ல மதிப்பெண் இருந்தும், வாசல் சாத்தியிருக்கிறது. சில நாட்டு மாணவர்களிடம் இந்த ஆவணத்தை முன்கூட்டிக் கேட்பதே இல்லை. அந்தப் பட்டியலில் இந்தியா கிடையாது. பிறந்த வீட்டையும் பிறந்த நாட்டையும் எடைபோடுகிற விதிக்கு முன்னால் இரவல் பணத்தைக் காட்டினால் என்ன குடிமுழுகிவிடும்? கல்யாணத்துக்கு இரவல் நகை போட்டுக்கொண்டு போவதில்லையா? கடனைத் திருப்பியாயிற்று, வட்டியும் கட்டியாயிற்று, பிரிட்டிஷ் அரசுக்குக் காலணா நஷ்டமில்லை. குற்றமற்ற நன்மையைத் தருமானால் பொய்யையும் வாய்மையின் இடத்தில் வைக்கலாம் என்று வள்ளுவரே சொல்லியிருக்கிறாரே என்றும் கேட்பார்கள்.

விதி ஏழைக்குப் பாரமானது என்பதில் மறுப்பில்லை. ஆனால் வள்ளுவர் வைத்த நிபந்தனை கடுமையானது. அந்த நன்மையில் குற்றத்தின் சாயல்கூட இருக்கக் கூடாது. 28 நாள் பணம் தருகிற நன்மை எப்படிப்பட்டது என்பதை விமானம் இறங்கியபின் பார்க்க வேண்டும்.

மாணவர் விசாவில் பட்டப்படிப்புக்குப் போகிறவர் படிப்புக் காலத்தில் வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். 2025 ஏப்ரலில் 21 வயது நிரம்பியவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்டு ஆயிற்று. அந்தக் கூலியில் ஒரு வாரமும் தவறாமல் வேலை கிடைத்தாலும் வாரத்துக்கு 244 பவுண்டு, மாதத்துக்கு 1,058. லண்டனில் பிழைக்க மாதம் 1,529 வேண்டும் என்று அரசு போட்ட கணக்குக்கு இது எட்டாது. லண்டனுக்கு வெளியே கேட்கிற 1,171-க்கும் எட்டாது. ‘பார்ட் டைம்ல சமாளிச்சுக்கலாம்’ என்று கன்சல்டன்சியில் சொன்ன வார்த்தை இந்த இடத்தில் உடைகிறது. ஊரில் ஃபைனான்ஸ்காரரிடம் திரும்பிப் போன பணம்தான் இந்தப் பள்ளத்தை நிரப்ப வேண்டிய பணம்.

பிறகு என்ன நடக்கும் என்பது அங்கே போனவர்கள் எல்லோருக்கும் தெரியும். ஒரு உணவகத்தின் பின்கட்டு. இரவு பன்னிரண்டு மணிக்கு மேல் பாத்திரம் கழுவுகிற வேலை, கணக்கில் ஏறாத மணிகள், உறையில் போட்டுக் கொடுக்கிற கூலி. சட்டக் கூலியில் பாதி கொடுத்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். இரண்டு வாரக் கூலியை முதலாளி கொடுக்காமல் இழுத்தடித்தால் பையன் எங்கே போய்ச் சொல்வான்? கூலித் தகராறுக்கு இலவச ஆலோசனை சொல்ல பிரிட்டனில் ஏகாஸ் என்ற பொது அமைப்பு இருக்கிறது. அந்தத் தொலைபேசி எண் அவனிடமும் இருக்கும். ஆனால் எத்தனை மணி நேரம் வேலை பார்த்தாய் என்ற முதல் கேள்விக்கே, விசா போய்விடுமோ என்ற பயம் அவன் வாயை அடைத்துவிடும். ஊரில் சொன்ன பொய், அந்நிய ஊரில் தனக்கு நேர்ந்த அநியாயத்தை வாய்விட்டுச் சொல்லும் உரிமையை அவனிடமிருந்து பறித்துக்கொண்டது. இரவல் நகையைத் திருப்பிக் கொடுத்தபிறகு யாரும் இப்படி ஊமையாவதில்லை. இந்தப் பொய்யின் முதல் குற்றம் இதுதான். விதியை மீறியது அதற்கு அடுத்தபடிதான்.

இன்னொருவருக்கும் இதில் அடி விழுகிறது. பரம்பரை நிலத்தை உண்மையாகவே விற்று, அந்தப் பணத்தைக் கணக்கில் போட்ட ஒரு குடும்பம் இருக்கும். அவர்களுக்கும் பெருந்தொகை ஒரே நாளில்தான் வந்திருக்கும். முன்னால் போனவர்களால் எழுந்த சந்தேகத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்.

பழியை மாணவன் தலையில் மட்டும் இறக்கிவைப்பது அநியாயம். இருபத்திரண்டு வயதுப் பிள்ளை கன்சல்டன்சியை நம்பித்தான் கையெழுத்திடுகிறான். கன்சல்டன்சிக்கு அவன் சேர்ந்தால் பல்கலைக்கழகத்திடமிருந்து கமிஷன். அவன் அங்கே எப்படி வாழ்கிறான் என்பதற்குக் கமிஷன் இல்லை. உள்நாட்டு மாணவரின் கட்டணத்துக்கு இங்கிலாந்தில் அரசு உச்சவரம்பு வைத்திருக்கிறது, வெளிநாட்டு மாணவருக்கு வரம்பே கிடையாது. அந்தப் பணத்தை நம்பி நிற்கிற பல்கலைக்கழகங்கள் இந்த ஏற்பாடு எதுவும் தெரியாதது போல இருக்க முடியாது. அரசுகளும் மெய்யே பேசின என்று சொல்வதற்கில்லை. படிப்பு விசாவுக்கு 10,000 டாலர் காட்டினால் போதும் என்று கனடா 2000-களின் தொடக்கத்திலிருந்து சொல்லிவந்தது. வீட்டு வாடகை ஏறிக்கொண்டே போனது, எண் மட்டும் ஏறவில்லை. 2024 ஜனவரியில்தான் ஒரேயடியாக 20,635 ஆக்கினார்கள். இடைப்பட்ட காலத்தில் அந்தத் தொகையை நேர்மையாகக் கொண்டுபோனவர்களும் போய்ச் சேர்ந்தபின் திண்டாடினார்கள். அறிந்தும் சொல்லாதவர்களின் குற்றம் மாணவனுடையதைவிடப் பெரிது. ஆனால் பின்கட்டில் நிற்பது அவர்கள் இல்லை.

கடன் வாங்கிப் படிப்பதில் ஒரு இழிவும் இல்லை. வங்கி முறையாகத் தரும் கல்விக்கடனுக்கான கடிதத்தை விசா அலுவலகமும் ஏற்கிறது. அந்தப் பணம் மாணவனோடு கூடவே போகிறது. கனடாவின் ஜி.ஐ.சி. முறையில் பணத்தை அங்குள்ள வங்கியில் முன்கூட்டிப் போட்டுவிட்டு மாதாமாதம் திரும்ப வாங்கிக்கொள்கிறார்கள். அங்கே பணம் 29-ஆம் நாள் காணாமல் போக வழியில்லை.

கடன் கிடைக்காத வீட்டுக்கு என்ன சொல்வது? இந்த ஆண்டு வேண்டாம் என்றுதான். கேட்கிற பிள்ளைக்கு இது கசக்கும். நண்பர்கள் போய்விட்டார்கள், உறவினர்களிடம் சொல்லியாயிற்று, ஆஃபர் லெட்டர் கையில் இருக்கிறது. பல பல்கலைக்கழகங்கள் சேர்க்கையை அடுத்த இன்டேக்குக்குத் தள்ளிக்கொள்ள விடுகின்றன. கன்சல்டன்சிகள் அதைத் தாமாகச் சொல்வது அரிது. கேட்டு வாங்க வேண்டும். கேட்பதற்கு முன், அப்பாவும் பிள்ளையும் உட்கார்ந்து, ஃபைனான்ஸ்காரரின் பணம் போனபின் பாஸ்புக்கின் கடைசி வரியில் எவ்வளவு மிஞ்சும் என்று எழுதி, அதை ஒன்பதால் வகுத்துப் பார்க்கட்டும்.