ஸ்வைக் எந்த 'நாங்கள்'?

1942 பிப்ரவரியில் ஸ்டெஃபான் ஸ்வைக், பிரேசிலின் பெட்ரோபோலிஸ் நகரில் மனைவி லொட்டேயோடு தற்கொலை செய்துகொண்டார். அவருக்கு வயது 60. பிரிட்டிஷ் குடியுரிமை இருந்தது, பணம் இருந்தது, உலகம் முழுக்க வாசகர்கள் இருந்தார்கள். விசா முத்திரைக்காகத் தூதரக வாசல்களில் காத்துக்கிடந்த யூத அகதிகளை நினைத்தால், இந்த மனுஷனுக்கு என்னதான் குறை என்று கேட்கத் தோன்றும்.

ஹன்னா ஆரெண்ட் கிட்டத்தட்ட அதைத்தான் கேட்டார். ஸ்வைக்கின் தன்வரலாறான 'நேற்றைய உலக'த்துக்கு 1943இல் அவர் எழுதிய மதிப்புரையில் இரக்கமே இல்லை. புகழ் தந்த பாதுகாப்பை உலகமென்று நம்பி அரசியலிலிருந்து ஒதுங்கி வாழ்ந்தவர், அது பறிபோனதும் நொறுங்கிப்போனார் என்பது சாரம். புத்தகத்தைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரியென்றே இப்போதும் நினைக்கிறேன். எனக்கு உறுத்துவது வேறு.

ஆரெண்ட் பத்திரமான இடத்தில் உட்கார்ந்துகொண்டு பேசவில்லை. ஹிட்லரிடமிருந்து தப்பி வந்தவரை ஜெர்மன்காரி என்று சொல்லி, 1940இல் பிரான்ஸ் குர்ஸ் முகாமில் அடைத்தது. கூத்துதான். பிரான்ஸ் வீழ்ந்த குழப்பத்தில் ஒரு சின்ன இடைவெளி கிடைக்க, வெளியேறிவிட்டார். தங்கிவிட்டவர்களில் பலரைப் பின்னாளில் ஆஷ்விட்ஸுக்கு ரயிலேற்றினார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் அவருடைய நண்பர் வால்டர் பெஞ்சமின் பிரனீஸ் மலையைக் கடந்து, ஸ்பெயின் எல்லை ஊரான போர்ட்போவுக்கு வந்தார். அமெரிக்க விசா இருந்தது, பிரான்சை விட்டு வெளியேறும் அனுமதி இல்லை. திருப்பி அனுப்புவோம் என்றார்கள். அன்றிரவே உயிரை மாய்த்துக்கொண்டார். கூட வந்தவர்களைப் பிறகு விட்டுவிட்டார்கள். ஒரு நாள் முன்போ பின்போ என்றால் இது நடந்திருக்காது என்று பல வருடம் கழித்து ஆரெண்ட் எழுதினார். நண்பருக்கு அதிர்ஷ்டக் கணக்கு, ஸ்வைக்குக்கு ஒழுக்கக் கணக்கு.

நட்புதான் காரணமென்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் ஸ்வைக் மதிப்புரை வந்த அதே இதழில், அதே 1943இல், அகதிகளைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையும் இருக்கிறது. பகலெல்லாம் நம்பிக்கையாகப் பேசிவிட்டு, வீட்டுக்குப் போய்ச் செத்துப்போகிறவர்களைப் பற்றி அதில் எழுதுகிறார். கேலி உண்டு. ஆனால் தலைப்பிலேயே தன்னையும் அவர்களோடு சேர்த்துக்கொள்கிறார். ஆங்கிலத்தில் அதற்கு ஒரே சொல்தான். தமிழில் தேர்ந்தெடுத்தாக வேண்டும்: 'நாம்' இல்லை, 'நாங்கள்'. கேட்கும் அமெரிக்கர் வெளியே, செத்துப்போன பெயர் தெரியாத அகதி உள்ளே. ஸ்வைக்குக்கு மட்டும் அந்த 'நாங்க'ளில் இடமில்லை. பெயர் தெரிந்த அகதியாக இருந்ததுதான் அவர் குற்றமா? குடியுரிமையும் பணமும் இருந்தால் ஒருவர் அகதியில்லாமல் போய்விடுவாரா?

இறப்பதற்கு முன்பே அந்தத் தன்வரலாற்றைப் பதிப்பாளருக்கு அனுப்பிவிட்டார் ஸ்வைக். தட்டச்சு செய்து கொடுத்தது லொட்டே. வயது 33. அவரை முதல் வரியிலேயே 'மனைவி' என்று எழுதிவிட்டு, இவ்வளவு நேரம் நானும் மறந்துவிட்டிருக்கிறேன்.