பக்கத்துக் கடை

சென்னை ரிச்சி தெருவில் ஏதாவது ஒரு கடையில் நுழைந்து வழக்கத்தில் இல்லாத ஓர் அடாப்டரைக் கேட்டுப் பாருங்கள். ‘இல்லை’ என்ற பதில் சுலபத்தில் வராது. “ரெண்டு நிமிஷம் உக்காருங்க சார்” என்பார் கடைக்காரர். அவர் கண்ணைக் காட்டியதும் பையன் ஒருவன் எழுந்து வெளியே ஓடுவான். நாலு கடை தள்ளியோ எதிர் மாடியிலிருந்தோ பொருளைக் கொண்டுவருவான். காசைக் கொடுத்துவிட்டு நீங்கள் கிளம்பிவிடலாம். எடுத்துவந்த கடைக்கு என்ன விலை, நடுவில் இவருக்கு எவ்வளவு நின்றது என்பதெல்லாம் கடை அடைக்கும் நேரத்தில் அவர்களுக்குள் தீர்ந்துவிடும். திருப்பூர் காதர்பேட்டையில் பனியனுக்கும் பாரிமுனை கோடவுன் தெருவில் துணிக்கும் ஏறக்குறைய இதே நடைமுறைதான்.

ஒரே சரக்கை விற்பவர்கள் ஒரே தெருவில் போய் உட்காருவது வெளியிலிருந்து பார்த்தால் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். வாடிக்கையாளர் ஒரு படி இறங்கினால் அடுத்த கடை. ஆனால் சிலப்பதிகாரம் காட்டும் புகாரின் மருவூர்ப்பாக்கத்திலேயே இன்ன தொழிலுக்கு இன்ன வீதி என்று இருந்திருக்கிறது. ஆல்பிரட் மார்ஷல் என்ற பொருளியல் அறிஞர் 1890-இல் வெளியிட்ட நூலில் இதை ஆராய்ந்திருக்கிறார். ஒரு தொழில் ஓரிடத்தில் குவிந்துவிட்டால் அதன் நுணுக்கங்கள் யாரும் பாடம் நடத்தாமலே அந்த வட்டாரம் முழுக்கப் பரவிவிடுகின்றன என்பது அவர் கண்ட விஷயம். நம் கடைக்காரர்கள் மார்ஷலைப் படித்ததில்லை. பக்கத்துக் கடைக்காரன் இருந்தால் சாப்பிடப் போகும்போது கடையைப் பார்த்துக்கொள்வான், சில்லறை கொடுப்பான், கைமாற்று தருவான், காசோலை திரும்புகிற ஆசாமி வந்தால் கண்ணால் சொல்வான். அவ்வளவு போதும் அவர்களுக்கு.

இணையத்தில் கடை போட்டவருக்கு இல்லாத ஒன்று இந்தப் பக்கத்துக் கடைதான்.

சேலத்துக்குப் பக்கத்திலிருக்கும் இளம்பிள்ளையில் சேலை எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டு விற்கிற ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருக்கு வாடகை இல்லை, அட்வான்ஸ் இல்லை, கதவு திறக்கும் நேரம் என்று ஒன்று இல்லை. காஷ்மீரிலிருந்துகூட ஆர்டர் வரலாம். இத்தனையும் உண்மையான லாபம். குறைத்துச் சொல்லக் கூடாது. முதலில்லாதவர்கள் எத்தனையோ பேரை வியாபாரத்துக்குள் கொண்டுவந்திருக்கிறது இந்த வழி. ஆனால் அவர் தன் தொழிலில் இருக்கும் மற்றவர்களை எப்படிப் பார்க்கிறார்? ஒரு விலையாக, ஒரு ஃபாலோயர் எண்ணிக்கையாக, ‘நம்ம டிசைனை அப்படியே எடுத்துப் போட்டுட்டாங்க’ என்ற எரிச்சலாக. திரைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் சாப்பிட்டாரா, போன மாதம் எத்தனை ஆயிரம் நஷ்டப்பட்டார் என்பது தெரிய வழியே இல்லை.

அவரும் வெளியே வந்தே ஆகவேண்டிய ஓர் இடம் உண்டு. பார்சல் போடும் இடம். எந்த ஊரிலும் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் கூரியர் ஆபீஸ் வாசலில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். ஸ்கூட்டியின் முன்பக்கத்தில் ஒரு கட்டைப்பை, பின்சீட்டில் கட்டிய இன்னொரு பை. உள்ளே பிளாஸ்டிக் கவர்களில் ஒட்டிய முகவரிகள். மற்றவர் பையில் எத்தனை பார்சல் இருக்கிறது என்று ஓரக்கண்ணால் எண்ணாதவர் கிடையாது. எடை போடும் மெஷின் முன்னால் வரிசை நகராத நேரத்தில்தான் வாய் திறக்கும்.

“இந்த ஏரியாவுக்கா அக்கா அனுப்பறீங்க? கேஷ் ஆன் டெலிவரி போடாதீங்க. மூணு தடவ எனக்குத் திரும்பி வந்துடுச்சு.”

“அப்படியா? போன் பண்ணினா நல்லாத்தான் பேசினாங்க.”

“பேசுவாங்க அக்கா. பார்சல் வந்தா எடுக்க மாட்டாங்க. போக வர ரெண்டு பக்கமும் காசு நமக்குத்தான்.”

இந்தச் சின்னப் பேச்சில் கைமாறிய தகவலுக்கு ஒரு விலை போட்டால் அன்றைய லாபத்தைவிடக் கூடுதலாகவே இருக்கும். பணம் அனுப்பியதாக ஸ்கிரீன்ஷாட்டைத் திருத்தி அனுப்புகிறவர்கள் எப்படிப் பேசுவார்கள், பார்சலைப் பிரிக்கும் வீடியோ கேட்டதும் யார் காணாமல் போவார்கள், எந்த மொத்த வியாபாரி மேலே நாலு நல்ல பீஸ் வைத்து அடியில் கறைபட்டதை அடுக்குவார் என்பதையெல்லாம் யாரும் ரீல்ஸ் போடுவதில்லை.

இதற்குத்தான் குரூப் இருக்கிறதே என்று கேட்கலாம். ஒரே வாட்ஸ்அப் குரூப்பில் 1,024 பேர்வரை சேரலாம். காலையில் பூங்கொத்தும் வணக்கமுமாக நிரம்பி வழிகிற குரூப்பில், ‘இந்த மாசம் நாற்பதாயிரம் போச்சு, அந்த சப்ளையர் ஏமாத்திட்டார்’ என்று ஒருவர் எழுதுவாரா? எழுத மாட்டார். எழுதியது நிற்கும். அது ஸ்கிரீன்ஷாட்டாகி அந்த சப்ளையரிடமே போகும். வாடிக்கையாளர் கண்ணில் பட்டால், ‘ஓ, இவங்க கடை இப்படியா’ என்றாகும். வாயால் சொன்னது சொன்ன இடத்திலேயே கரைந்துவிடுகிறது என்ற தைரியத்தில்தான் மனிதர்கள் நஷ்டத்தைப் பேசுகிறார்கள். அதனால் இணையம் முழுக்க வெற்றிக் கதைகளாகவும், டீக்கடை முழுக்க அடிபட்ட கதைகளாகவும் இருக்கின்றன. தொழில் கற்றுக்கொள்ள இரண்டாவதுதான் உதவும்.

வேறொன்றையும் சொல்ல வேண்டும். 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு 59 செயலிகளைத் தடை செய்தது; டிக்டாக் அதில் ஒன்று. அதில் வீடியோ போட்டு லட்சக்கணக்கான ஃபாலோயர்களைச் சேர்த்து வைத்திருந்தவர்களுக்கு அடுத்த சில நாளில் அந்த லட்சத்தில் ஒருவரைக்கூடத் தொடர்புகொள்ள வழியில்லை. 2021 அக்டோபர் 4 இரவு ஒன்பது மணிக்கு மேல் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் உலகம் முழுக்க நின்றன. திரும்ப வர ஆறு மணி நேரத்துக்கு மேல் பிடித்தது. இரவு ஒன்பது மணி என்பது வீட்டு வேலை முடிந்து பெண்கள் போனில் சேலை பார்க்கிற நேரம். நாம் ‘என் தொடர்புகள்’ என்று சொல்லிக்கொள்வதில் எவ்வளவு நம்முடையது, எவ்வளவு அந்தக் கம்பெனியுடையது என்று அந்த இரவு தெரிந்தது. நேரில் பார்த்துப் பேசிய நாலு பேரின் நம்பர் மட்டும் சாதாரண போன் அழைப்பில் கிடைத்திருக்கும்.

தூரத்து வியாபாரம் ஒன்றும் இந்தக் காலத்துப் புதுமை இல்லை. ரங்கூனிலும் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் நகரத்தார் நடத்திய லேவாதேவி, அந்தக் கணக்கில் பார்த்தால், முழுக்க முழுக்கத் தூரத்து வியாபாரம். முதலாளி செட்டிநாட்டில்; கடையைப் பார்ப்பவர் கடலுக்கு அப்பால். காகிதத்தில் எழுதிய உண்டியல் ஒன்று ஓர் ஊரில் கொடுத்த பணத்தை வேறோர் ஊரில் எடுக்க வைத்தது. முகம் பார்க்காமல் பணம் நகரும் ஏற்பாட்டை இவ்வளவு கச்சிதமாகச் செய்தவர்கள், தாங்கள் போன ஊரில் ஆளுக்கொரு மூலையில் தனித்தனியாகக் கடை வைத்துக்கொள்ளவில்லை. சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் கிட்டங்கி என்று நீளமான கூடங்கள். ஒரே கூடத்துக்குள் பல கடைகள். ஒவ்வொரு கடைக்கும் தரையில் ஓர் இடம், ஒரு மரப் பெட்டகம், கணக்கெழுதச் சாய்வான ஒரு சின்ன மேஜை. இவரிடம் கடன் கேட்டு வருபவர் பேசுவது அடுத்தவர் காதிலும் விழும். ஒருவரை ஏமாற்றியவன் இரண்டு எட்டு வைத்து அடுத்த பெட்டகத்திடம் போய்க் கேட்க முடியாது. பர்மாவில் நடப்பு வட்டியைக்கூடக் கோயிலில் கூடிப் பேசித்தான் வைத்தார்கள். தொழிலில் போட்டி இருந்தது. பொறாமையும் கட்டாயம் இருந்திருக்கும். இருந்தும் ஒரே கூரைக்குக் கீழே உட்கார்ந்தார்கள். சரக்கும் பணமும் எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவுக்கு அதை அனுப்புகிறவர்கள் நெருங்கி உட்கார வேண்டியிருந்தது.

சொத்து வைத்திருந்த ஆண்களின் கதை இது. சொத்தே இல்லாத பெண்களுக்கும் இதுதான் நடந்தது. 1989-இல் தர்மபுரி மாவட்டத்தில், ஐ.நா. அமைப்பான வேளாண் வளர்ச்சிக்கான பன்னாட்டு நிதியத்தின் உதவியோடு தமிழ்நாட்டின் மகளிர் சுயஉதவிக் குழுத் திட்டம் தொடங்கியது. அடமானம் வைக்க எதுவும் இல்லாதவர்களுக்கு வங்கி எதை நம்பிக் கடன் கொடுக்கும்? குழுக்களுக்கென்று வகுத்த ஐந்து விதிகளில் முதலாவது, தவறாமல் கூட வேண்டும் என்பது. சேமிப்புகூட அதற்கு அடுத்துத்தான். பத்துப் பன்னிரண்டு பெண்கள் வாரம்தோறும் ஒரு திண்ணையில் உட்கார்ந்து பேசினார்கள் என்பதே பத்திரத்துக்குப் பதிலான பத்திரமாக இருந்தது.

இப்படிச் சொல்வதைக் கேட்டு ஓட்டல் ஹாலில் நடக்கும் ‘நெட்வொர்க்கிங்’ கூட்டங்களுக்கு ஓடிவிட வேண்டாம். காலை ஏழு மணிக்கு இட்லி வடையோடு தொடங்கி, ஆளுக்கு ஒரு நிமிடம் எழுந்து தன் பெருமையைச் சொல்லி, கைநிறைய விசிட்டிங் கார்டோடு வீட்டுக்கு வருகிற அந்தக் கூட்டங்களில் பெரும்பாலும் இன்ஸ்டாகிராமேதான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறது. எல்லாரும் விற்க வந்தவர்கள், வாங்க ஆளில்லை. அங்கேயும் கை கழுவுகிற இடத்திலோ வண்டி நிறுத்துமிடத்திலோ நடக்கும் பத்து நிமிடப் பேச்சில்தான் ஏதாவது தேறும்.

அப்படித் தேறுவது பெரும்பாலும் நெருங்கிய நண்பரிடமிருந்து வராது என்பது இன்னொரு விசித்திரம். அமெரிக்காவில் பாஸ்டனுக்கு அருகில் வேலை மாறியவர்களிடம் மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் விசாரித்தார். 1973-இல் அதை ஒரு கட்டுரையாக எழுதினார். தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களில் ஆறில் ஒருவருக்குத்தான் அந்தத் தகவல் அடிக்கடி பார்க்கிற ஆளிடமிருந்து வந்திருந்தது. மற்றவர்களுக்கு எப்போதாவது பார்க்கிறவரும், கிட்டத்தட்ட மறந்தேபோனவரும் சொல்லியிருந்தார்கள். நெருங்கிய நண்பருக்குத் தெரிந்தது நமக்கும் ஏற்கெனவே தெரியும். கூரியர் வரிசையில் முன்னால் நிற்பவரின் உலகம் வேறு. சோப்பு காய்ச்சி விற்பவர் சேலைக்காரரிடம் சொல்கிற அட்டைப்பெட்டிக் கடை, சேலைக்காரரின் அண்ணனுக்கும் தெரியாத கடையாக இருக்கும். சொந்த மாநிலத்துக்குள் மட்டும் விற்கும் சிறு வியாபாரி, பதிவு வரம்புக்குள் இருந்தால் ஜி.எஸ்.டி. பதிவு இல்லாமலே ஒரு சேர்க்கை எண் வாங்கி மின்வணிகத் தளங்களில் சரக்கு விற்கலாம் என்ற விதி 2023 அக்டோபர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. இதைப் போன்ற சங்கதிகள் அறிவிப்பைப் படித்துத் தெரிவதைவிட, ‘உங்களுக்கு அது தெரியாதா?’ என்று யாரோ ஒருவர் ஆச்சரியப்படும்போது தெரிவதே அதிகம்.

போட்டியாளர் என்று நாம் பெயர் வைத்திருக்கும் ஆளும் பக்கத்துக் கடைக்காரரும் ஒருவரேதான். தெருவில் அது எல்லாருக்கும் தெரியும். ஒரு நாளில் இருபது நிமிடம் போட்டி, மிச்ச நேரமெல்லாம் அக்கம்பக்கம். திரை அந்த இருபது நிமிடத்தை மட்டும் வெட்டி எடுத்து இருபத்துநாலு மணி நேரமும் காட்டுகிறது. அவர் விலையைக் குறைத்தது தெரிகிறது. குறைத்ததற்குக் காரணம் பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது என்பது தெரிவதில்லை. ஒருதரம் எதிரில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டால், அதன் பிறகு அவர் விலையைக் குறைக்கும்போது நமக்குக் கோபத்தோடு கொஞ்சம் கவலையும் வருகிறது. அந்தக் கவலை வந்தவருக்குத்தான், ‘என்னிடம் அந்தக் கலர் இல்லை, அவங்ககிட்ட இருக்கும், அனுப்பச் சொல்றேன்’ என்று வாடிக்கையாளரிடம் சொல்ல வாய் வரும்.

யார் யாரைச் சந்திப்பது என்பதில் ஒரு முடிச்சு இருக்கிறது. இணைய வியாபாரம் செய்கிறவர்களில் ஏராளமானோர் வீட்டுப் பெண்கள். ‘வீட்டிலிருந்தபடியே சம்பாதிக்கலாம்’ என்ற வாக்கியத்தால்தான் பல வீடுகளில் இதற்கு அனுமதியே கிடைத்தது. சமைத்து முடித்து, துணி காயப்போட்டு, நடுவில் பேக்கிங் செய்துகொள்ளலாம்; யாருக்கும் தொந்தரவில்லை. அவர்களைப் பார்த்து ‘நாலு பேரை நேரில் சந்தியுங்கள், தொழில் வளரும்’ என்று சொல்வது சுலபம். “போன்ல விக்கிற வியாபாரத்துக்கு எதுக்கு வெளிய போகணும்?” என்ற கேள்விக்கு அவர்கள்தான் வீட்டில் பதில் சொல்ல வேண்டும். கடைக்கு வாசல் தேவையில்லை என்று கொடுத்த வசதி, கடைக்காரிக்கும் வாசல் தேவையில்லை என்பதாகத் திரும்பிவிட்டது. அவர்களுக்குக் கிடைத்திருக்கும் ஒரே மறுக்க முடியாத காரணம் அந்தக் கூரியர் ஆபீஸ்.

ஆகவே இணைய வியாபாரிகள் நேரில் சந்திக்க ஒரு கூட்டம் கூட்ட நினைப்பவர்கள் பேச்சாளரையும் மேடையையும் யோசிப்பதற்கு முன்னால் மணியை யோசிக்கலாம். காலை ஏழு மணியும் மாலை ஆறரை மணியும் யாருக்குத் தோதான நேரங்கள் என்று எல்லாருக்கும் தெரியும். பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு பத்தரைக்குத் தொடங்கி ஒரு மணிக்குள் முடித்துவிடலாம். பெரிய ஹால் வேண்டாம். கூரியர் ஆபீஸிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் எட்டுப் பேர் உட்கார ஓர் இடம் இருந்தால் போதும். பார்சல் போடுகிற நாளாகப் பார்த்து வைத்தால் வீட்டில் தனியாக ஒரு காரணம் சொல்ல வேண்டிய அவசியமும் இருக்காது.