யாரிடம் சொன்ன வாக்குறுதி?

யானைக்கவுனியில் இப்போது யானையும் இல்லை, கவுனியும் இல்லை. கவுனி என்றால் கோட்டை வாசல். 1758-59 முற்றுகையில் பிரெஞ்சுப் படை கறுப்பர் நகரத்தைச் சூறையாடிவிட்டுப் போன பிறகு, கம்பெனி அந்த நகரத்துக்கு மதில் எழுப்பியது. அதன் வாசல்களில் ஒன்றுதான் இது. மதிலால் பாதுகாக்கப்படுவது குடிகள்தானே, செலவையும் அவர்களே தரட்டும் என்று கம்பெனி நினைத்தது. குடிகள் ஒத்துக்கொள்ளவில்லை. வரி வசூலாகவில்லை, பேர் மட்டும் வால்டாக்ஸ் ரோடு என்று தங்கிவிட்டது. அந்தப் பேருக்குள் ஒரு பழைய வழக்கு இருக்கிறது: என் பாதுகாப்பை இன்னொருவர் தீர்மானிக்கும்போது, என்னிடம் கேட்க வேண்டுமா, வேண்டாமா?

இந்தக் கேள்வி இன்று மிகக் கூர்மையாக எழும் இடம் கூடங்குளம்.

ஓர் அணு உலை இயங்க அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் உரிமம் தர வேண்டும். உரிமம் தருவதற்கு அவசரகாலத் திட்டம் இருக்க வேண்டும். கூடங்குளத்தில் உலையைச் சுற்றி மூன்று வட்டங்கள். முதல் வட்டத்துக்குள், 1.5 கி.மீ. வரை, யாரும் குடியிருக்கக் கூடாது. 5 கி.மீ. வரை மக்கள்தொகை பெருகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். 16 கி.மீ. வரை திட்டம் தயாராக இருக்க வேண்டும்: எப்படி அறிவிப்பது, எப்போது வீட்டுக்குள்ளேயே இருக்கச் சொல்வது, யாருக்கு அயோடின் மாத்திரை கொடுப்பது, எந்த வண்டியில் எங்கே கூட்டிப்போவது. வளாகத்துக்கு உள்ளே நிலையம் பொறுப்பு. வெளியே மாவட்ட நிர்வாகம்.

2012 ஜூனில் இதற்கான ஒத்திகை நக்கனேரியில் நடந்தது. சில நூறு பேர் மட்டுமே வாழும் சிற்றூர் அது. உலைக்கு அதைவிட அருகில், ஆயிரக்கணக்கானோர் வாழும் இடிந்தகரை அப்போது போராட்டப் பந்தலாக இருந்தது. 2013 மே 6 அன்று உச்ச நீதிமன்றம் 15 நிபந்தனைகளோடு உலைக்கு அனுமதி தந்தது. நாட்டின் பெரிய நலன், பக்கத்தில் வாழ்பவர்களின் அச்சத்தைவிடக் கனமானது என்பதுதான் தீர்ப்பின் சாரம். ஜூலையில் முதல் உலை இயங்கத் தொடங்கியது.

வெளியேற்றத் திட்டம் என்பது உண்மையில் என்ன? பார்க்க ஒரு பொறியியல் ஆவணம் மாதிரி இருக்கும். ஆனால் அது சொல்வது இவ்வளவுதான்: "உங்கள் பக்கத்தில் ஓர் ஆபத்தை வைக்கிறோம். அநேகமாக ஒன்றும் ஆகாது. ஆனால், உங்களைக் காப்பாற்றிக் கூட்டிப்போவோம்." இது ஒரு வாக்குறுதி. வாக்குறுதிக்குக் குறைந்தது இரண்டு பேர் வேண்டும். உங்கள் கடனைத் திருப்பித் தருவேன் என்று என் டைரியில் எழுதிப் பூட்டி வைத்தால் அது வாக்குறுதி ஆகாது. நீங்கள் கேட்டிருந்தால்தான், "சொன்னியேப்பா, என்னாச்சு?" என்று என் சட்டையைப் பிடிக்கும் உரிமை உங்களுக்கு வரும். ஆட்சியர் அலுவலக அலமாரியில் இருக்கும் திட்டம் உரிமம் தருபவருக்குச் சொன்ன வாக்குறுதி. ஓட வேண்டியவருக்குச் சொன்னது அல்ல.

சரி, ஓட வேண்டியவருக்குத் தெரியாவிட்டால் என்ன, நேரம் வரும்போது சொல்லிவிட்டால் போதாதா? எண்ணூரை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 டிசம்பர் 26 நள்ளிரவையொட்டி கோரமண்டல் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பம் மக்கள் மூச்சுத்திணறி எழுந்து, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினார்கள். பலர் மருத்துவமனைக்குப் போக வேண்டியிருந்தது. அன்றைக்கு அபாயச் சங்கின் வேலையை மூக்கு செய்தது. அம்மோனியாவுக்கு வாடை உண்டு. கதிர்வீச்சுக்கு வாடை இல்லை, நிறம் இல்லை, எரிச்சல்கூட உடனே இல்லை. உடம்பு எதையும் சொல்லாது. அப்புறம் நமக்கு இருப்பது அதிகாரியின் சொல் மட்டும்தான். அந்தச் சொல், "ஓடாதே, ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இரு" என்றுகூட இருக்கலாம். முன்பின் பேசியிராத ஒருவர் நள்ளிரவில் ஒலிபெருக்கியில் அப்படிச் சொன்னால், கைக்குழந்தையோடு இருப்பவர் கேட்பாரா? நம்பிக்கையை அவசர நேரத்தில் விநியோகிக்க முடியாது. அது மாத்திரை இல்லை.

"முன்னாடியே சொன்னா ஜனங்க பயந்துருவாங்க சார்" என்பது எப்போதும் வரும் பதில். பயம் வரும்தான். ஆனால் ஒரு ஆபத்தைத் தாங்கச் சொல்லி ஒருவரைக் கேட்டுவிட்டு, அதற்காகப் பயப்படும் உரிமையை மட்டும் அவரிடமிருந்து எடுத்துக்கொள்வது என்ன நியாயம்?

இதைவிட வலுவான எதிர்வாதம் ஒன்று இருக்கிறது, அதை வடசென்னையிலிருந்து எழுதும்போது தாண்டிப் போக முடியாது. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு இத்தனை உயிர் என்று கணக்குப் போட்டால், அணுவைவிட நிலக்கரி பல மடங்கு கொல்கிறது. கொசஸ்தலை ஆற்றில் படிந்த சாம்பலைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். வெளியேற்றமும் சும்மா வராது. 2011 மார்ச்சில் புகுஷிமாவில் ஒரே நாளுக்குள் வட்டம் 3, 10, 20 கி.மீ. என்று விரிந்தது. ஃபுதாபா மருத்துவமனையின் முதிய நோயாளிகள் பலர் கதிர்வீச்சால் அல்ல, கூட்டிப்போன விதத்தாலும் கைவிடப்பட்டதாலும் இறந்தார்கள். அப்படியானால் உலைகள் வரட்டும், கணக்கு அதைத்தானே சொல்கிறது?

கணக்கு எவ்வளவு ஆபத்து என்று சொல்லும். யார் தலையில், யாரைக் கேட்டு என்று சொல்லாது. மேலும், ஃபுதாபாவின் பாடம் "வெளியேற்றாதே" என்பது அல்ல. படுக்கையில் இருப்பவரை எந்த வண்டியில் ஏற்றுவது என்பது அவரைத் தினமும் தூக்கி உட்கார வைப்பவருக்குத்தான் தெரியும். அவரைக் கேட்காமல் போட்ட திட்டம் நேர்மையில் மட்டுமல்ல, திட்டமாகவே தோற்கும்.

நியூயார்க்கின் லாங் ஐலண்டில் ஷோர்ஹாம் என்றொரு அணுமின் நிலையம். 1983இல் அந்த மாவட்ட நிர்வாகம், இந்த நீளமான தீவிலிருந்து ஜனங்களைப் பத்திரமாக வெளியேற்றவே முடியாது என்று சொல்லி, திட்டத்தில் கையெழுத்துப்போட மறுத்தது. மாநில ஆளுநரும் மறுத்தார். பல நூறு கோடி டாலரில் கட்டி முடித்த நிலையம், வணிக உற்பத்தியே தொடங்காமல் மூடப்பட்டது. அதை வெற்றி என்று கொண்டாட எனக்குத் தயக்கம் உண்டு. எல்லோரும் மறுத்தால் ஆபத்து எங்கேயோ போய்ச் சேரத்தானே வேண்டும்? மறுக்கத் தெம்பில்லாத இடத்துக்குத்தான் போய்ச் சேரும். அப்படிச் சேர்ந்தவற்றின் பட்டியல்தான் மணலி, எண்ணூர், திருவொற்றியூர்.

ஆகவே ஒவ்வொருவருக்கும் தடுப்பு அதிகாரம் வேண்டும் என்பதல்ல என் வாதம். உரிமத்தின் நிபந்தனை மாற வேண்டும் என்பதுதான். "திட்டம் இருக்கிறதா?" என்று கேட்டால் போதாது. "வட்டத்துக்குள் இருப்பவர்கள் அதைக் கேட்டார்களா? இது நடக்காது என்று அவர்கள் காரணத்தோடு சொன்னவற்றுக்கு என்ன பதில்?" என்றும் கேட்க வேண்டும். பதில் சொல்லும் கடமை ஆபத்தை வைப்பவருடையது.

யானைக்கவுனியிலிருந்து எண்ணூர் ஏறத்தாழ 15 கி.மீ. கூடங்குளத்தின் மூன்றாவது வட்டத்தை எண்ணூரை மையமாக வைத்து வரைந்தால் சௌகார்பேட்டையும் ராயபுரமும் உள்ளே வந்துவிடும். யானைக்கவுனிப் பாலம் இடித்துக் கட்டுவதற்காகப் பல வருஷம் மூடிக் கிடந்தது இந்தப் பக்கத்துக்காரர்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். வரைபடத்தில் அப்போதும் அது ஒரு பாதைதான். அதில் போக முடியாது என்பது தினமும் சுற்றிக்கொண்டு போனவர்களுக்குத் தெரிந்திருந்தது. உரிமத்துக்கான கோப்பில் அவர்கள் எழுதவும் ஒரு பக்கம் இருக்க வேண்டும்.