யார் பார்த்துக்கொள்வது?

அத்தைக்குப் பக்கவாதம் வந்த மூன்றாவது மாதம் படுக்கைப்புண் வந்தது. உதவிக்கு ஒருவரைத் தேடலாம் என்றேன். நாத்தனார் தொலைபேசியில் கேட்டாள்: "அம்மாவைப் பாத்துக்க வெளியாளா அண்ணி?" அதில் கொடுமை எதுவுமில்லை. அவளும் தன் மாமியாரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதனால்தான் பெற்ற தாயிடம் வர முடியவில்லை. ஆனாலும் அந்தக் கேள்வி என்னைக் குற்றவாளியாக்கியது. உதவி கேட்பது அன்பில் ஏற்பட்ட குறையா?

முதியவரைப் பார்த்துக்கொள்வது கடமை என்கிறோம். யாருடைய கடமை? 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நல்வாழ்வுச் சட்டத்தைப் படித்தேன். அதில் 'பிள்ளைகள்' என்றால் மகன், மகள், பேரன், பேத்தி. மருமகள் அந்தப் பட்டியலில் இல்லை. கைவிடப்பட்ட முதியவர் கோட்டாட்சியரின் தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்கலாம். இயலாதவருக்காக இன்னொருவரும் கொடுக்கலாம். மாதம் 10,000 ரூபாய் வரை தரும்படி பிள்ளைகளுக்கு உத்தரவிட முடியும். பணத்துக்குக் கணக்குச் சொல்லும் சட்டம், இரவு இரண்டு மணிக்கு யார் துணி மாற்றுவது என்று சொல்வதில்லை. அதை வழக்கம் சொல்கிறது, சட்டத்தில் பெயரில்லாத பெண்ணிடம். 2019இல் வந்த திருத்த மசோதா மருமகளையும் மருமகனையும் பட்டியலில் சேர்க்க முனைந்தது. சேர்த்தால் எனக்குப் பொறுப்பு எழுத்தில் வந்திருக்கும், துணை வந்திருக்காது.

அதே 2019இல் எடுத்த தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வில், குழந்தைகள் முதல் முதியவர்வரை வீட்டாரைக் கூலியின்றிப் பராமரிப்பதில் ஒரு நாளில் ஈடுபட்ட பெண்கள் 27.6 சதவீதம், ஆண்கள் 14 சதவீதம்.

எங்கள் தெருவில் வீடு வீடாக ரத்த அழுத்த மாத்திரை கொண்டுவரும் சுகாதாரத் தன்னார்வலரிடம் ஒருநாள் பேசினேன். 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே இயன்முறை சிகிச்சையாளர் வருவார், படுக்கையில் கிடப்பவர்களுக்கு ஆதரவு சிகிச்சைச் செவிலியர் வருவார் என்று அவர் சொல்லித்தான் தெரிந்தது. முனைவர் பட்டம் வாங்கியவள் நான். தெரியவில்லை என்பதைவிட, கேட்கத் தோன்றவில்லை என்பதே உண்மை. யாரிடம் கேட்பது என்று தெரியாதவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரிக்கலாம். 14567 என்ற முதியோர் உதவி எண்ணும் இருக்கிறது, காலை 8 முதல் இரவு 8 வரை.

செவிலியர் வந்தார். புண்ணைத் துடைத்துக் கட்டினார். இரண்டு மணி நேரத்துக்கொருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும் என்றார். பிறகு கூடத்தைப் பார்த்து, "சார், நீங்களும் வாங்க. இவங்க ஒருத்தரால முடியாது" என்றார். மூன்று மாதமாக நான் சொல்லாத வார்த்தை அது. என் கணவர் மறுக்கவில்லை. யாரும் கூப்பிடாததால் அவர் வராமலிருந்தார். யாரும் கூப்பிடாமலே நான் வந்திருந்தேன்.

சில வாரங்கள் கழித்து அத்தை குழறலாகச் சொன்னார்: "புண்ணுக்கு அந்தப் பொண்ணே வரட்டும்மா. உன் முன்னாடி கூசுது. நீ சும்மா உக்காந்து பேசு." நான் தியாகம் என்று எண்ணியிருந்தது அவருக்கு அன்றாடக் கூச்சமாக இருந்திருக்கிறது. தன்னை யார் தொடலாம் என்று அவரிடம் நாங்கள் யாருமே கேட்டதில்லை. இன்னொரு கை வந்த பிறகுதான் அவரால் அதைச் சொல்ல முடிந்தது. உதவி எனக்கு ஓய்வு தந்தது; அவருக்குத் தேர்ந்தெடுக்கும் உரிமையைத் தந்தது. அன்பு இதில் எங்கே குறைந்தது?

ஆனால் கேள்வி இதோடு முடியவில்லை. அந்தத் தன்னார்வலர் வேலை பார்ப்பது ஊக்கத்தொகைக்கு. சம்பளம் என்ற சொல் அவருக்கு இல்லை. அவர் வீட்டிலும் நடக்க முடியாத மாமியார் இருக்கிறார். "நீங்க வெளிய வந்துட்டா யார் பாத்துக்கறாங்க?" என்று கேட்டேன்.

"பொண்ணு இருக்கா மேடம், ப்ளஸ் டூ. ஆயாவைக் கழுவி, சாப்பாடு குடுத்துட்டுத்தான் ஸ்கூலுக்குப் போவா."

அந்த மாணவிக்கு உதவியாக யார் வருவார் என்பதற்கு விடை கிடைக்கும்வரை, எனக்குக் கிடைத்த ஓய்வின் ஒரு பகுதி அவளுடைய காலை நேரத்திலிருந்து எடுத்ததுதான்.