ஒரே கூட்டில் இரண்டு பாம்புகள்: இரக்கமா, இம்சையா?

அல்லாஹு தஆலா படைத்த ஜீவன்களில், கண்டவுடன் மனிதன் கூசி ஒதுங்குவது பாம்பைத்தான். அந்தப் பாம்புக்கும் நம் மீது ஹக்கு உண்டா? உண்டென்றால் அது எதுவரை? குறிஞ்சிப்பாடியிலிருந்து ஒரு சகோதரர் எழுதியுள்ள கடிதம் இந்தக் கேள்வியை நம் முன் வைக்கிறது. அவர் நெய்வேலி சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அமெரிக்காவில் உத்தியோகம் பார்க்கும் அவருடைய மகன் விஷமில்லாத பாம்பு ஒன்றைக் கண்ணாடிப் பெட்டியில் வளர்த்து வந்தாராம். ‘தனியாக இருக்கிறதே’ என்று மனம் கேளாமல் இன்னொன்றையும் வாங்கி அதே பெட்டியில் விட்டாராம். இரண்டும் ஒன்றன் மேல் ஒன்று சுருண்டு கிடப்பதைக் கைபேசியில் காட்டியபோது, வீட்டிலிருந்த மூத்தவர்கள், ‘பாவம், ஜோடியாக இருக்கட்டும்’ என்றார்களாம். “இது நன்மையில் சேருமா, பாவத்தில் சேருமா? மகனுக்கு நான் என்ன சொல்வது?” என்று கேட்கிறார்.

சிரித்துவிட்டு ஒதுக்கக்கூடிய கேள்வி அல்ல இது. வாயில்லா ஜீவனின் காரியத்தில் ஒரு மனிதர் நரகம் புகவும் சுவர்க்கம் புகவும் கூடும் என்று நமக்குச் சொல்லித் தந்த மார்க்கம் இஸ்லாம். ஒரு பூனையைக் கட்டிவைத்து, தானும் தீனி போடாமல், பூமியில் உள்ள புழு பூச்சிகளைத் தின்று பிழைக்க அதை விடவும் செய்யாத பெண்ணின் கதியை புகாரி, முஸ்லிம் ஆகிய கிரந்தங்களில் காண்கிறோம். அவளுடைய குற்றம் பூனையை அடித்தது அல்ல. அதைத் தன் பொறுப்பில் அடைத்து வைத்து, பொறுப்பை மறந்ததே குற்றம். கூட்டின் கதவைச் சாத்தும் அந்த நிமிஷமே, உள்ளே இருப்பதன் உணவும் நீரும் நலமும் சாத்தியவர் கழுத்தில் அமானத்தாக ஏறிவிடுகின்றன.

கொல்லச் சொன்ன பிராணிக்கு ஹக்கு ஏது?

சிலர் இப்படிக் கேட்கலாம்: “ஹரம் எல்லைக்குள்ளேயும் கொல்ல அனுமதிக்கப்பட்ட பிராணிகளில் பாம்பும் ஒன்றாயிற்றே! அதன் சுகத்தைப் பற்றி ஏன் இத்தனை விசாரம்?”

நியாயமான கேள்விதான். ஆனால் கொல்லும்போதும் அழகிய முறையில் கொல்ல வேண்டும், அறுக்கும் கத்தியைத் தீட்டிக்கொள்ள வேண்டும் என்று கட்டளையிட்டவர்கள் நம் நாயகம் (ஸல்) அவர்கள். எல்லாக் காரியத்திலும் இஹ்ஸானை அல்லாஹ் விதித்திருக்கிறான் என்பதே அந்த ஹதீஸின் தொடக்கம். நெருப்பால் வேதனை செய்யும் உரிமை நெருப்பைப் படைத்தவனுக்கு மட்டுமே என்றும் தடுத்தார்கள். மதீனாவின் வீடுகளில் தென்படும் பாம்புகளை எடுத்த எடுப்பில் கொல்லாமல் மூன்று நாள் எச்சரிக்கச் சொன்னதும் ஹதீஸில் வருகிறது. ஆகவே, கொல்ல அனுமதி உண்டு என்பது வேறு. உயிரோடு வைத்துக்கொண்டு வதைக்க அனுமதி உண்டு என்பது வேறு. முன்னது இருப்பதால் பின்னதும் உண்டு என்று ஆகிவிடாது.

பாம்பின் இயல்பு என்ன?

அடுத்து, அந்த இரண்டு பாம்புகளும் உண்மையிலேயே ஒன்றின் துணையில் மற்றொன்று மகிழ்கின்றனவா என்று பார்க்க வேண்டும். மேலை நாடுகளில் வீடுகளில் அதிகம் வளர்க்கப்படுவது பந்துப் பாம்பு. மேற்கு ஆப்பிரிக்கக் காடுகளையும் புல்வெளிகளையும் சேர்ந்த சிறிய இன மலைப்பாம்பு அது. பயந்தால் பந்துபோல் சுருண்டுகொள்வதால் அந்தப் பெயர். பாம்பின் உடம்பு தானாகச் சூட்டை உண்டாக்கிக்கொள்வதில்லை. இரை செரிக்க வேண்டுமானாலும் அதற்கு வெளியிலிருந்து சூடு வேண்டும். பெட்டியில் வெதுவெதுப்பான மூலை ஒன்று, ஒளிந்துகொள்ளும் பொந்து ஒன்று என்றிருந்தால் இரண்டும் அந்த ஒரே இடத்துக்குத்தான் போகும். ஒன்றன் மேல் ஒன்று கிடப்பதை நாம் பாசம் என்று படிக்கிறோம். பெரும்பாலும் அது இடத்துக்கான போட்டி. சண்டையும் சத்தமும் இல்லாத போட்டி என்பதால் நம் கண்ணில் படுவதில்லை. பலம் குறைந்தது மெல்ல மெல்ல இரை எடுப்பதை நிறுத்தும், மெலியும். ஒன்றுக்கு உண்ணி பற்றினால் மற்றதற்கும் தொற்றும். இரையைக் கக்கினால் எது கக்கியது என்று வளர்ப்பவருக்கே தெரியாது. ஓர் எலியை இரண்டும் இரு பக்கமும் கவ்விவிட்டால் ஒன்றின் தலை மற்றொன்றின் வாய்க்குள் போய்விடவும் கூடும்.

நம் நாட்டு ராஜநாகத்தின் பிரதான உணவே மற்றப் பாம்புகள்தான். கட்டுவிரியனும் பாம்பைத் தின்னும். எல்லாப் பாம்புகளும் ஒன்றுபோல் என்று சொல்வதற்கில்லை. கனடாவின் மானிடோபா மாகாணத்தில் ஒருவகைப் பாம்புகள் பனிக்காலத்தில் ஆயிரம் ஆயிரமாகச் சுண்ணாம்புப் பாறைப் பொந்துகளில் கூடிக் கிடக்கின்றன. ஆனால் பாம்பினத்தில் பெரும்பாலானவை இணை சேரும் பருவம் தவிரத் தனித்தே வாழ்பவை. தனிமை அவற்றுக்குத் தண்டனை அல்ல. அவற்றைப் படைத்தவன் வகுத்த வாழ்க்கை அது.

பூமியில் நடமாடும் பிராணிகளும் பறவைகளும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்ற கருத்து திருமறையின் அல்-அன்ஆம் சூராவில் வருகிறது. அவை தனிச் சமுதாயங்கள் என்றால் அவற்றுக்குத் தனி வழக்கமும் உண்டு. மனிதனுக்குத் துணை வேண்டும். ஆட்டுக்கு மந்தை வேண்டும். பாம்புக்குத் தனி இடம் வேண்டும். நம் தேவையை அதன் மீது ஏற்றி வைத்து, ‘இரக்கப்பட்டேன்’ என்று சொன்னால், நாம் இரங்கியது நம் மனத்துக்கே தவிர அந்த ஜீவனுக்கு அல்ல. அறிவில்லாத இரக்கம் பல வேளைகளில் இம்சையாகவே முடிகிறது.

இமாம் இஸ்ஸுத்தீன் வகுத்த ஹக்குகள்

இந்தக் கேள்விக்கு நேராகப் பொருந்தும் விளக்கத்தை, ஹிஜ்ரி 660-ல் (கி.பி. 1262) வஃபாத்தான ஷாஃபி மத்ஹபின் மேதை இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் (ரஹ்) அவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். மனிதன் மீது பிராணிகளுக்குள்ள ஹக்குகளை அவர்கள் தம் கவாயித் நூலில் வரிசைப்படுத்துகிறார்கள். பிராணி நோயுற்று, பிரயோஜனம் இல்லாமல் போனாலும் அதற்குச் செலவு செய்ய வேண்டும். சக்திக்கு மேல் சுமத்தக் கூடாது. தங்குமிடத்தை நல்லதாக அமைக்க வேண்டும். இணை சேரும் பருவத்தில் ஆணையும் பெண்ணையும் சேர்க்க வேண்டும் என்கிறார்கள். அந்த வரிசையிலேயே, முட்டியும் காயப்படுத்தியும் தீங்கு செய்யக்கூடிய ஒன்றோடு, அது அதே இனமானாலும் வேறு இனமானாலும், ஒரு பிராணியைச் சேர்த்து வைக்கக் கூடாது என்றும் சொல்கிறார்கள். எழுநூறு ஆண்டுகளுக்கு முன் ஆடு மாடு ஒட்டகங்களை மனத்தில் வைத்து அந்த மகான் எழுதியது, இன்றைய கண்ணாடிப் பெட்டிக்கும் அப்படியே பொருந்துகிறது! ஒரே இனம் என்பதால் சேர்த்து வைக்கலாம் என்ற சமாதானத்துக்கு அவர்கள் இடமே வைக்கவில்லை.

ஆகவே முதல் கேள்விக்குப் பதில்: இரண்டையும் உடனே பிரித்துவிட வேண்டும். இரண்டு பெட்டி, இரண்டு பொந்து, இரண்டு தண்ணீர்த் தட்டு. ‘அத்தனை செலவுக்கு வசதியில்லை’ என்றால், முறையாகப் பராமரிக்கக்கூடியவர் பொறுப்பில் ஒன்றை ஒப்படைக்க வேண்டும். தீனி போட மறுக்கும் சொந்தக்காரரை, தீனி போடு அல்லது கைமாற்றிவிடு என்று நிர்ப்பந்திக்கும் அதிகாரம் காஜிக்கு உண்டென்று ஃபிக்ஹு நூல்கள் கூறுகின்றன. இரை கொடுப்பதிலும் இஹ்ஸான் வேண்டும். உயிருள்ள எலியைப் பெட்டிக்குள் விட்டு அது தவிப்பதை வேடிக்கை பார்ப்பது மூமினுக்கு அழகல்ல. எலி கடித்துப் பாம்புக்கே காயம் ஏற்படுவதும் உண்டு. அந்நாடுகளில் கொன்று உறையவைத்த எலிகளே கடையில் கிடைக்கின்றன.

வளர்ப்பதே தகுமா?

இரண்டாவது கேள்வி இதைவிடப் பெரியது. கொல்லும்படி ஏவப்பட்ட, தீங்கு செய்யும் பிராணிகளை வீட்டில் வைத்து வளர்க்கலாகாது என்பது ஷாஃபி நூல்களில் காணப்படும் கருத்து. பிரயோஜனமில்லாத ஊர்வனவற்றை விற்பதும் வாங்குவதும் செல்லாது என்று இமாம் நவவி (ரஹ்) அவர்களின் மின்ஹாஜ் கூறுகிறது. விஷமில்லாத, தீங்கற்ற வகைகளுக்கு இக்காலத்து ஆலிம்கள் சிலர் இடம் தருகிறார்கள். அவரவர் மத்ஹபின்படி உள்ளூர் ஆலிமிடம் ஃபத்வா கேட்டுக்கொள்வது நல்லது. ஸஹாபிச் சிறுவர் அபூ உமைர் (ரலி) சிறு குருவி ஒன்றை வளர்த்ததையும், அது இறந்தபோது நாயகம் (ஸல்) அவர்கள் அவரிடம் அன்போடு பேசியதையும் நாம் அறிவோம். பிராணியை வளர்ப்பதே குற்றம் என்று மார்க்கம் சொல்லவில்லை. எதை, எதற்காக, எப்படி என்றுதான் கேட்கிறது.

‘எதற்காக’ என்பதற்கு நம் தமிழகத்திலேயே ஒரு பாடம் உண்டு. மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் 1978-ல் ஏற்பட்டது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கையும் அவர்கள் பிடித்து வந்து, துணியால் வாய் கட்டிய மண்பானைகளில் சில வாரங்கள் மட்டும் வைத்து, விஷம் எடுத்து, அடையாளமிட்டுத் திரும்பவும் விட்டுவிடுகிறார்கள். அந்த விஷத்தைக் கொண்டுதான் பாம்புக் கடிக்கு மருந்து தயாராகிறது. வயலில் கடிபட்ட எத்தனையோ ஏழைகளின் உயிர் அதனால் தப்புகிறது. அங்கே அடைத்து வைப்பதற்குத் தேவையும் உண்டு, தவணையும் உண்டு. அலங்காரத்துக்காக அடைப்பதில் இரண்டும் இல்லை. பந்துப் பாம்பு இருபது ஆண்டுகளுக்கு மேலும் உயிர் வாழும். வேலை மாறும்போது, நிக்காஹ் முடிந்து மனைவி மக்கள் வரும்போது, அதன் கதி என்ன?

இதற்கும் ஒரு சாட்சி இருக்கிறது. அமெரிக்காவின் புளோரிடா மாகாணத்தில் ஆசைக்கு வளர்த்த பர்மிய மலைப்பாம்புகள் பெரிதானதும் சிலர் சதுப்பு நிலத்தில் விட்டுவிட்டார்கள். சில தப்பியும் போயின. அவை பெருகி அங்குள்ள முயல், மான் முதலான பிராணிகளை விழுங்கத் தொடங்கின. அவற்றைப் பிடிக்க 2017-ல் அந்நாட்டார் அழைத்தது நம் இருளர்களான மாசி சடையன், வடிவேல் கோபால் ஆகிய இருவரைத்தான். இரண்டு வாரத்துக்குள் 13 மலைப்பாம்புகளைப் பிடித்துக் கொடுத்தார்கள். 2023-ல் இந்திய அரசு இருவருக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கியது. யாரோ வளர்க்க ஆசைப்பட்டு, யாரோ கைவிட்டதன் பலனை ஒரு காடே அனுபவித்தது. ஆகவே, ‘வேண்டாம்’ என்று தோன்றினாலும் வெளியே கொண்டு விட்டுவிடுவது தவ்பா ஆகாது. அது இன்னொரு அநீதி.

நம் நாட்டில் இருப்போர் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். நம் நாட்டுப் பாம்புகளைப் பிடித்து வீட்டில் வளர்க்க 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இடம் தருவதில்லை. பந்துப் பாம்பு போன்ற வெளிநாட்டு இனங்களை வைத்திருப்போர் அரசிடம் பதிவு செய்ய வேண்டும் என்று 2022-ல் செய்யப்பட்ட திருத்தம் கூறுகிறது. பாங்காக்கிலிருந்து பைகளில் அடைத்துக் கடத்தி வரப்பட்ட பந்துப் பாம்புகள் சென்னை விமான நிலையத்தில் பலமுறை பிடிபட்டுள்ளன. மூச்சுத் திணறத் துணிப்பையில் கடல் கடந்து வந்த ஜீவனைக் காசு கொடுத்து வாங்குபவர், அந்த இம்சையில் தமக்குப் பங்கில்லை என்று எப்படிச் சொல்ல முடியும்?

குறிஞ்சிப்பாடிக்குப் பக்கத்து ஊர் வடலூர். அங்கே 1867-ல் இராமலிங்க அடிகளார் தொடங்கிய தருமசாலையின் அடுப்பு இன்றும் ஏழைகளுக்காக எரிகிறது. ஜீவகாருண்யம் என்ற சொல் அப்பகுதி மக்களுக்குப் பழக்கமானது. தாகித்த நாய்க்குக் கிணற்றிலிருந்து நீர் மொண்டு கொடுத்தவருக்குப் பாவமன்னிப்புக் கிடைத்த வரலாற்றைக் கேட்டு வளரும் நமக்கும் அது புதிதல்ல. அந்த மனிதர் நாயைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகவில்லை. அதற்கு என்ன தேவை என்று பார்த்தார், அதைக் கொடுத்தார், தம் வழியே போனார்.

சகோதரர் தம் மகனைக் கடிந்து பேச வேண்டியதில்லை. பிள்ளையின் மனத்தில் இரக்கம் இருந்ததால்தான் இரண்டாவது பாம்பு வந்தது. அந்த இரக்கத்தை அணைத்துவிடாமல் அதற்கு அறிவின் வெளிச்சத்தைக் காட்டினால் போதும். உடனே பிரித்து வைக்கட்டும். இருக்கும் இரண்டையும், அவற்றின் ஆயுள் வரை அல்லது தக்கவர் கையில் சேரும் வரை, அமானத்தாகப் பேணட்டும். மூன்றாவதை வாங்காதிருக்கட்டும்.

பேச வாயில்லாத ஜீவன்களின் ஹக்கைக் குறித்தும் நாளை மஹ்ஷரில் நாம் கேட்கப்படுவோம். அறிவோடு இரங்கவும், ஏற்ற அமானத்தைக் குறைவின்றி நிறைவேற்றவும் வல்ல நாயன் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.